பல்லேடியம்–தாமிர நானோ வினையூக்கி: ஐந்து கிராம் புட்டியைப் பயன்படுத்திப் பார்த்தபின்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் கல்லூரியின் கரிம வேதியியல் ஆய்வகத்துக்காக, கரித்தூளின் மேல் படியவைத்த பல்லேடியம்–தாமிர உலோகக்கலவை நானோ துகள்களை ஐந்து கிராம் அளவில் கடந்த கோடையில் வாங்கினோம். அதுவரை ஹைட்ரஜனேற்றம் (ஒரு சேர்மத்தோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் வினை) எதற்கும் நாங்கள் நம்பியிருந்தவை ரானே நிக்கல் எனும் நுண்துளை நிக்கல் தூளும் வெறும் பல்லேடியம் ஏற்றிய கரியும்தான். விலையில் நிக்கலின் அருகில்கூட இது வராது. ஆனாலும் பாதி வழியில் வினையை நிறுத்தத் தெரிந்த வினையூக்கி ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது.

பினைல்அசிட்டிலீனின் முப்பிணைப்பை இரட்டைப் பிணைப்பாக்கி, அதாவது ஸ்டைரீனாக்கி, அத்தோடு நிற்க வேண்டும் என்பதே எங்கள் தேவை. வெறும் பல்லேடியம் நிற்காது. தன் கன அளவைப்போல் ஏறத்தாழ 900 மடங்கு ஹைட்ரஜனை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் அந்த உலோகம், இரட்டைப் பிணைப்பையும் நிரப்பி எத்தில்பென்சீன் வரை இழுத்துச் சென்றுவிடும். 1952இல் லிண்ட்லர் என்ற வேதியியலாளர் இதற்கு, பல்லேடியத்தின் வேகத்தைத் தணிக்கும் நச்சாக ஈயத்தைச் சேர்த்து வழி கண்டார்; ஆனால் ஈயக் கழிவை மாணவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தாமிரம் அந்த வேலையை வேறு விதத்தில் செய்கிறது. பல்லேடியம் அணுக்களுக்கு நடுவே புகுந்து அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பதால், உருவான ஸ்டைரீனை மேற்பரப்பு இறுகப் பிடிப்பதில்லை. துகளுக்குள் ஹைட்ரஜன் சேர்வதும் குறைகிறது.

விற்பனையாளர் அனுப்பியது உண்மையிலேயே உலோகக்கலவையா, இரண்டு தூள்களின் வெறும் கலப்பா என்பதை முதலில் பார்த்துக்கொண்டோம். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் தூய பல்லேடியத்தின் முதன்மை உச்சம் 40.1 பாகையிலும் தாமிரத்தினுடையது 43.3 பாகையிலும் விழும். கலப்பாக இருந்தால் இரண்டும் தனித்தனியே தெரியும். எங்களுக்குக் கிடைத்தது இரண்டுக்கும் இடையே அகன்ற ஒரே உச்சம். அகலம் துகளின் சிறுமையைக் காட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தில் புட்டியின் மேல் எழுதியிருந்தது நேர்மையானது.

மெத்தனாலில், அறை வெப்பநிலையில், பலூனில் அடைத்த ஹைட்ரஜனைக் கொண்டு வினையை நடத்தி, அவ்வப்போது மாதிரி எடுத்து, கலவையில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபியில் பார்த்தோம். பினைல்அசிட்டிலீன் மிச்சம் இருக்கும் வரை எத்தில்பென்சீன் பெயரளவுக்குத்தான் தெரிந்தது. பினைல்அசிட்டிலீன் தீர்ந்ததும் எத்தில்பென்சீன் மெல்ல ஏறத் தொடங்கியது. ஆகவே விற்பனையாளரின் துண்டுத்தாளில் அச்சிட்டிருந்த ‘முழுத் தெரிவுத்திறன்’ (வேண்டிய விளைபொருளை மட்டுமே தருவது) என்பது மிகை. சரியான நேரத்தில் பலூனைக் கழற்றும் பொறுப்பு நம்முடையது. வேகமும் வெறும் பல்லேடியத்தைவிடக் குறைவு. எண்ணெயை வனஸ்பதியாக்குவது போன்ற வேலைக்கு நிக்கலே போதும். (நெல்லை அல்வாக் கடைகள் ‘சுத்த நெய்’ என்று பலகையில் எழுதி வைப்பதற்கு அந்த நிக்கலும் ஒரு காரணம் என்று வகுப்பில் சொல்வேன்.)

முதுகலை மாணவர்களின் செய்முறைக்கு இது நன்றாகப் பொருந்தியது. சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்த 4-நைட்ரோபீனாலின் மஞ்சள் நிறம், வினையூக்கி இல்லாமல் எவ்வளவு நேரமானாலும் மறைவதில்லை. இந்த வினையூக்கியைச் சிட்டிகை அளவு போட்டதும் ஒளி உறிஞ்சலில் 400 நானோமீட்டர் உச்சம் தாழ்ந்து, அமினோபீனாலுக்குரிய 300இன் அருகே புதியது எழுவதை மாணவர்கள் தாங்களே வரைந்துகொண்டார்கள்.

குறைகளில் முதலாவது பாதுகாப்பு. இத்தகைய கரியை நீரில் நனைத்த விழுதாக அனுப்புவதே முறை. எங்களுக்கு வந்தது உலர்ந்த தூள், அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில் பார்சல் வண்டியில் பயணம் செய்து வந்தது. எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. மாணவர் ஒருவர் அதன் மேல் நேரடியாக மெத்தனாலை ஊற்றப் போனபோது, ரானே நிக்கல் வடிதாள் காய்ந்து புகைந்ததை முன்பே பார்த்திருந்த எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சிதான் கையைப் பிடித்துத் தடுத்தார். ஆல்கஹால் ஆவியும் காற்றும் உலர்ந்த பல்லேடியமும் சந்தித்தால் தீப்பிடிக்கும். அதன்பின் குடுவையில் நைட்ரஜனை நிரப்பி, தூளை நீரால் நனைத்த பிறகே கரைப்பானைச் சேர்த்தோம்.

இரண்டாவது குறை ஆயுள். மூன்றாம் முறை பயன்படுத்தியபின் வடிநீரில் அம்மோனியா சேர்த்ததும் மெல்லிய நீலம் தெரிந்தது. தாமிரம் கரைந்து வெளியேறுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தவறில் பாதி எங்களுடையது: ஒரு வினைக்கும் அடுத்ததற்கும் இடையே தூளைக் காற்றுப்பட வைத்திருந்தோம், தாமிரமோ ஆக்ஸிஜனைக் கண்டால் துகளின் மேற்பரப்புக்கு வந்துவிடும். மறுபயன்பாட்டைப் பற்றிப் பெருமையாக எழுதிய விற்பனையாளர் இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். தொகுதிவாரியான பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு இருமுறை எழுதினேன். விலைப்பட்டியல்தான் திரும்பி வந்தது.

அடுத்த முறை ஒரு கிராம் மட்டும், ஈர விழுதாக, சான்றிதழோடு அனுப்பினால்தான் வாங்குவது என்று கொள்முதல் படிவத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.