மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லா, கரும்புத்தோகை ஊறுகாய்ப்புல்லா?

கோடைக்குப் பசுந்தீவனத்தை நறுக்கிக் குழியில் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து, ஊறுகாய்ப்புல்லாக (சைலேஜ்) சேமிக்க விரும்பும் கறவைமாடு வளர்ப்போர் பலர், கரும்பு வெட்டுக்குப்பின் வயலில் மிஞ்சும் தோகையே போதுமா, மக்காச்சோளத்தைத் தனியே பயிரிட வேண்டுமா எனத் தயங்குகின்றனர்.

செலவு: மக்காச்சோளத்திற்கு நிலமும் நீரும் ஏறத்தாழ மூன்று மாதமும் தேவை, தோகைக்கு வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியுமே பெரும்பாலும் செலவு. அதை வயலிலேயே எரிப்பது பெரும் இழப்பு.

சத்து: இங்குதான் வேறுபாடு பெரிது. கதிரில் பால் முற்றும் பருவத்தில் கதிரோடு அறுத்துப் பதப்படுத்திய மக்காச்சோளத்தின் உலர்பொருளில் 7 முதல் 9 சதவீதம் புரதமும், பாலாக மாறும் எரிசக்தியைத் தரும் மாவுச்சத்தும் உள்ளன. தோகையில் புரதம் 4 முதல் 6 சதவீதமே. மாவுச்சத்து மிகக் குறைவு, நார் மிகுதி. குழியில் நொதிப்பது தீவனத்தைக் கெடாமல் காக்குமேயன்றி, இல்லாத புரதத்தை உண்டாக்காது.

பக்குவம்: இரண்டையும் சிறு துண்டுகளாக நறுக்கி, காற்றுப் புகாதபடி மிதித்து மூட வேண்டும். மக்காச்சோளம் தன் சர்க்கரையாலேயே நன்கு புளிக்கும். காய்ந்த தோகைக்கு நீரும் வெல்லப்பாகும் தெளிக்க நேரும்.

நிறையப் பால் தரும் கலப்பினப் பசுவுக்கு மக்காச்சோளமே ஏற்றது. வற்றிய மாடுகளுக்கும் உழவு மாடுகளுக்கும், பிண்ணாக்கும் தாதுஉப்புக் கலவையும் சேர்த்தால், தோகையே போதும்.