செட்டியார் பொம்மைக்கு எந்த அல்காரிதம்?

அக்காவும் தனியாகக் கொலு வைக்க ஆரம்பித்ததிலிருந்து அம்மாவின் செட்டியார் பொம்மை யாருக்கு என்று வீட்டில் வழக்கு. சரி, நகல் எடுத்துவிடலாமென்று போனில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். அந்தப் படங்களிலிருந்து கையில் வந்தது பொம்மையின் மேற்பரப்பைக் குறிக்கும் சில லட்சம் முப்பரிமாணப் புள்ளிகள். அவற்றை 3டி பிரிண்டருக்குப் போகும் மெஷ்ஷாக்க, அதாவது முக்கோணங்களால் பின்னிய மேற்பரப்பாக்க, மூன்று வழிகளை ஓட்டிப் பார்த்தேன்.

ஆல்ஃபா ஷேப் 1983-லிருந்து இருக்கிறது. புள்ளிகளைச் சுற்றி எவ்வளவு இறுக்கமாக உறை போடுவது என்று ஒரே ஒரு எண் கொடுத்தால் போதும். தட்டையான வடிவத்துக்கு வெளிக்கோடு எடுக்க நன்றாக இருக்கும். என் பொம்மையில் புள்ளிகளின் பிசிறெல்லாம் அப்படியே சொரசொரப்பாக வந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

பால் பிவட்டிங் (1999) கற்பனைப் பந்து ஒன்றைப் புள்ளிகள் மேல் உருட்டுகிறது. பந்து எந்த மூன்று புள்ளிகளில் தங்குகிறதோ அங்கே ஒரு முக்கோணம். இருக்கும் புள்ளிகளை நகர்த்தாது, இல்லாததை இட்டுக்கட்டாது. அளவெடுக்கும் வேலைக்கு இந்த நேர்மை பிடிக்கும். ஆனால் புள்ளி அடர்த்தி குறைந்த அக்குளில் பந்து உள்ளே விழுந்து ஓட்டையானது. பந்தைப் பெரிதாக்கினால் வேட்டி மடிப்பு போய்விட்டது.

நான் எடுத்துக்கொண்டது பாய்சான். 2006-இல் கஸ்தான், பொலித்தோ, ஹாப் மூவரும் வெளியிட்டது. உள்ளே 1, வெளியே 0 என்று ஒரு சார்பைக் கண்டுபிடித்து அதன் எல்லையை மேற்பரப்பாக எடுக்கிறது. எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்ப்பதால் பிசிறு அடங்கும், ஓட்டை தானாக மூடும். இடத்தை எத்தனை தடவை பாதி பாதியாகப் பிரிப்பது என்பதுதான் இதில் ஆழம். ஆழம் 8 என்றால் பக்கத்துக்கு 256 கட்டம். ஒன்று கூட்டினால் 512, முக்கோணங்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு. எனக்கு 9 போதுமாக இருந்தது.

முடிவைத் தீர்மானிப்பது நார்மல்தான், அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் அம்பு. அக்கம்பக்கப் புள்ளிகளை வைத்து நார்மலின் கோடு கிடைத்துவிடும். அது உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது கிடைக்காது. பக்கத்துப் புள்ளியைப் பார்த்துத் திசையைக் கடத்திக்கொண்டே போகும் முறையில், கை தொப்பையை ஒட்டும் இடத்தில் தடம் மாறிப் பாதி தொப்பை உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. பால் பிவட்டிங்குக்கும் நார்மல் வேண்டும்தான், ஆனால் அங்கே தப்பு நடந்த இடத்தில் ஓட்டை விழுவதோடு சரி. பாய்சானில் செட்டியாரின் முதுகுவரை வீங்கிவிட்டது. ஒவ்வொரு புள்ளியின் நார்மலையும் அந்தப் புள்ளியைப் பார்த்த கேமராவின் பக்கம் திருப்பிவிட்டதும் எல்லாம் அடங்கியது. ஆகவே, பாய்சான் என்று முடிவுசெய்தால் கேமரா இருந்த இடங்களைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன்.

படமே எடுக்காத அடிப்பாகத்தைப் பாய்சான் தானாகக் குடம்போல் உப்பலாக மூடியது. பொம்மை நிற்கவில்லை, 2 மி.மீ. சமமாக வெட்டினேன். அடர்த்தி குறைந்த பகுதியை நீக்கவும் வழி உண்டு, ஆனால் நீக்கினால் மறுபடி ஓட்டைதான்.

கட்டடங்களை லேசரால் அளக்கும் லைடார் ஸ்கேனில் நான் இதை ஓட்டியதில்லை. திறந்த சுவரும் கூர்மையான மூலையும் உள்ள இடத்தில் பாய்சான் மூலையை மழுக்கும் என்பதால், அங்கே நானே பந்தைத்தான் முதலில் உருட்டிப் பார்ப்பேன்.