கறுவாத்தோட்டத்திலிருந்து காலிமுகத்திடல் வரை: ஒரு வழிகாட்டி நடை பற்றிய மதிப்பீடு

விகாரமகாதேவிப் பூங்காவில் தொடங்கிக் காலிமுகத்திடலில் முடியும் மூன்று மணி நேர வழிகாட்டி நடையொன்றில், அண்மையில் வெள்ளவத்தையிலிருந்து என் தாயாருடனும் மகளுடனும் சென்று கலந்துகொண்டேன். கொழும்பின் பூங்காக்களுடைய வரலாற்றைச் சொல்வதே அதன் நோக்கம். அதில் முக்காற்பங்கு நிறைவேறியது என்பேன்.

மாநகர சபையின் வெள்ளைக் கட்டடத்துக்கு எதிரே எங்களை நிறுத்திய வழிகாட்டி, கதையை ஒல்லாந்தரிலிருந்து தொடங்கினார். காட்டில் உரிக்கப்பட்டு வந்த கறுவாவை அவர்கள் 18ஆம் நூற்றாண்டில் தோட்டப்பயிராக்கினார்கள். கொழும்பு 7ஐ நாம் இன்றும் கறுவாத்தோட்டம் என்று சொல்வது அதனால்தான். சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா வழங்கிய நிலத்தில் எழுந்த விக்டோரியா பூங்கா, இரண்டாம் உலகப் போரின்போது படையினரின் முகாமாகி, சுதந்திரத்துக்குப் பின்னர் துட்டகைமுனு மன்னனின் தாயான விகாரமகாதேவியின் பெயரைப் பெற்றது. 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலையை வழிகாட்டி ஒரு கையசைப்புடன் கடந்துவிட்டாலும், 1921இல் கொழும்புக்குத் திட்டம் வரைந்து அதைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகரமாகக் கற்பனை செய்த நகரத் திட்டமிடலாளர் பேட்ரிக் கெடிசுக்கு மரநிழலில் இருபது நிமிடம் ஒதுக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நடையின் உச்சம் காலிமுகத்திடலே. கோட்டையின் பீரங்கிகளுக்குத் தடையில்லாத வெளி வேண்டுமென்று ஒல்லாந்தர் திறந்து வைத்த நிலம், பிரித்தானியர் காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாயிற்று; 1893இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு இடம் மாறியது. 1856இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் தொடங்கி 1859இல் நிறைவுற்ற கடலோர நடைபாதையைக் கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் காக்குமாறு, அவருக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. அதை நான் வாசித்துக் காட்டியதும், "அப்ப இது எங்கட இடம்தான் பிள்ளை" என்று அம்மா பேத்தியிடம் சொன்னார்.

நான் வாசித்துக் காட்ட நேர்ந்ததே குறை. தமிழிலும் விளக்கம் உண்டென்று முன்பதிவின்போது சொல்லியிருந்தார்கள். முதல் அரை மணி நேரத்துக்குப் பின் தமிழ் ஓரிரு வாக்கியங்களாகச் சுருங்கிவிட்டது. இழந்த பூங்காக்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கோட்டையில் ஆளுநர் ஆதர் கோர்டனின் பெயரால் அமைந்த தோட்டம் இன்று சனாதிபதி மாளிகை வளாகத்துக்குள் அடங்கிக் கிடப்பதைச் சொல்லியிருக்கலாம். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக ஏற்பு பெற்ற கொழும்பின் சதுப்பு நிலங்களும் விடுபட்டுப் போயின, அவற்றுக்குத் தனி நடை தேவை என்பது உண்மையானாலும்.

செல்ல விரும்புவோர் தமிழ் விளக்கத்தை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். முதியவர்களை அழைத்துச் செல்வதானால் குடையும் தண்ணீரும் கட்டாயம். திடலை அடையும்போது வெயில் ஏறிவிடுகிறது, அங்கே ஒதுங்க நிழலில்லை.