இளவட்டக்கல்லும் கர்லாக்கட்டையும்

தென்மாவட்ட ஊர்கள் சிலவற்றில் கோயில் முன்போ மந்தையிலோ இன்னும் ஓர் உருண்டைக் கல் கிடக்கும். இளவட்டக்கல். குத்துக்காலிட்டு அதைத் தழுவி, மடிக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளைத் தாண்டிப் பின்னால் போட்டவனுக்கு அந்தக் காலத்தில் பெண் கொடுத்தார்கள் என்பார்கள். இப்போது பொங்கல் போட்டியில் தூக்குகிறார்கள். உடற்பயிற்சிக்காகச் சுழற்றும் கனமான மரக்கட்டையான கர்லாக்கட்டை வேறு ரகம். அதற்குக் கூட்டமும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. விடியற்காலையில் தனியாக நின்று எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். நாளைக்கும் சுற்ற வேண்டும்.

எடைப்பயிற்சியை விடாமல் தொடர உத்வேகம் வேண்டுமா, ஒழுங்கு வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வரும்: கல் உத்வேகம், கட்டை ஒழுங்கு. நான் பல வருடங்கள் கல்லின் கட்சியில் இருந்தவன். 28 வயதுக்கும் 36 வயதுக்கும் இடையில் ஐந்து முறை ஜிம்மில் சேர்ந்தேன். ஐந்துமே ஜனவரியில் அல்லது என் பிறந்தநாளை ஒட்டிய வாரத்தில். இதில் எனக்கென்று தனித்தன்மை ஒன்றும் இல்லை. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பல்கலைக்கழக ஜிம்மின் வருகைப் பதிவைப் பார்த்திருக்கிறார்கள். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம் என்று வந்தால் கூட்டம் ஏறுகிறது. பிறந்தநாளுக்குப் பிறகும் ஏறுகிறது. ஆக, தொடங்கி வைப்பதில் உத்வேகத்துக்கு ஈடில்லை. வீட்டில் கிடப்பவனை எழுப்பி, கட்டணம் கட்ட வைத்து, புது ஷூ வாங்க வைப்பது அதுதான். ஒழுங்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

கோளாறு பணம் கட்டிய பிறகுதான். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் மூன்று அமெரிக்க ஜிம்களின் கணக்கை அலசினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுகிறது. பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். என் நான்காவது முயற்சியின் கணக்கு இதைவிட மோசம்: ஆண்டுச் சந்தா 6,000 ரூபாய், போனது 11 நாள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 545 ரூபாய். என் மனைவி இதைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது நான் பேச்சை மாற்றினேன்.

உத்வேகம் ஏன் வற்றுகிறது என்பதற்கு என் மனத்தைவிட என் தசையில்தான் விடை இருந்தது. புதிதாக எடை தூக்குபவருக்கு முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று ஏறும். அதில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் வருவதில்லை. இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க நரம்பு பழகிக்கொள்வதால் வருவது. தட்டு மாட்டாத 20 கிலோ வெறும் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டைத் தொடங்கியவன் இரண்டே மாதத்தில் 40 கிலோவுக்கு வந்துவிடுகிறான். வாரம் இரண்டரைக் கிலோ கூட்டினால் அடுத்த ஆண்டு இதே நாளில் 170 கிலோ என்று மனம் கணக்குப் போடும். நானும் போட்டேன். பிறகு ஒருநாள் கம்பி 47.5 கிலோவில் நின்றுவிடும். கண்ணாடியிலும் பெரிய மாற்றம் தெரியாது. உத்வேகத்துக்குத் தீனியே பலன்தான். பலன் மெதுவானதும் அது பட்டினி கிடக்கிறது, பிறகு ஓடிப்போகிறது. ஐந்து முறையும் நான் நின்றது ஏறக்குறைய இந்த இடத்தில்தான்.

ஆறாவது முறை சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. ஒழுங்கு என்றதும் காலை நான்கு மணிக்கு எழுவது, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. அது எனக்கு ஆகாது. நான் செய்தது சோம்பேறியின் ஏற்பாடு: பையை வண்டியிலேயே வைத்துவிட்டேன், அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஜிம்மில் சேர்ந்தேன், செவ்வாய், வெள்ளி என்று நாளைக் குறித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்னை எழுப்ப ஆளில்லை என்பது எனக்குத் தெரியும். வாரம் இரண்டு நாள் என்பதும் சாக்குப்போக்கு அல்ல; தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். ஒழுக்கம் என்ற சொல்லுக்கு 'ஒழுகு' என்பது வேர். நீர் ஒழுகுவதும் அதே சொல்தான். பள்ளத்தைப் பார்த்து நீர் போவதில் பல்லைக் கடிக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்ற பயமும் வேண்டாம். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய வரிசையில் நடுவில் நின்றவருக்கு 66 நாள் ஆகியிருக்கிறது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒருநாள் விட்டவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. '21 நாளில் பழக்கம்' என்று சொல்பவரை இனி நம்பாதீர்கள்.

இதோடு தீர்ப்பை ஒழுங்கின் பக்கம் எழுதிவிடலாம் என்றால், ஜிம்மில் பயிற்சி தரும் மாஸ்டர் விடமாட்டார். மூன்றாவது ஆண்டு முடிவில் நான் பயிற்சியைக் குறித்து வைக்கும் நோட்டை வாங்கிப் புரட்டினார். "வருகை நன்றாக இருக்கிறது சார். எடை எங்கே?" என்று கேட்டார். ஏறக்குறைய இரண்டு வருடமாக அதே 15 கிலோ டம்பெல்லை, அதே மூன்று செட் (சுற்று), அதே பத்துப் பத்துத் தடவை தூக்கியிருக்கிறேன். சுமை கூடாமல் தசை கூடாது. பழக்கம் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே போன பிறகு கையில் எதை எடுக்கிறோம் என்பதைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை. அடுத்த மூன்று மாதத்துக்கு ஓர் இலக்கும் தேதியும் குறித்துக் கொடுத்தார். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது கல்லைப் பார்த்ததும் வருகிற அந்தப் பழைய வேகம்தான்.

ஒழுங்குக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு, வீம்பு. தோள்பட்டை வலித்தபோது நாள் தவறக் கூடாது என்று மூன்று வாரம், மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்துகொண்டே இருந்தேன். அதன் பிறகு மூன்று மாதம் எதையும் தூக்க முடியவில்லை.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? பல வருடங்களுக்கு என்றால் ஒழுங்கைத்தான் நான் எடுப்பேன், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒழுங்கை வாங்குவதற்கான முன்பணம் உத்வேகம். சார்னஸ், நீஸி என்ற பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் காசு கொடுத்து ஒரு மாதத்தில் எட்டு முறை ஜிம்முக்குப் போக வைத்தார்கள். காசு நின்ற பிறகும் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் போனார்கள். ஆகவே வேகம் பொங்குகிற நாளில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்து உடம்பை நோக வைப்பதைவிட, வீட்டுக்கு வழியில் உள்ள ஜிம்மைத் தேடி, நாளைக் குறித்து, பையைக் கட்டி வைப்பதே லாபம்.

போன வெள்ளிக்கிழமை நல்ல மழை. அலுவலகத்தில் தாமதமாகிவிட்டது, உற்சாகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். "பத்து நிமிடம்தான் சார்" என்றார். கம்பியின் இரு பக்கமும் தட்டுகளை மாட்டினேன். ஈரக்கையை வேட்டியில் துடைப்பதுபோல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, நோட்டில் எழுதினேன்: ஸ்குவாட், 72.5 கிலோ, 5 தடவை, ஒரு செட்.