தலைநகர் இடமாற்ற வரைபட ஆப்: படம் பிரமாதம், காரணம்தான் இடிக்கிறது

இது இன்னும் சோதனைப் பதிப்பில் இருக்கிற ஆப், அதனால் பெயர் போட்டு மானத்தை வாங்க விருப்பமில்லை. வேலை இதுதான்: கீழே ஒரு காலக்கோடு இருக்கிறது, அதை விரலால் தள்ளத் தள்ள மேலே உலகப் படத்தில் தலைநகரங்கள் இடம் மாறிக்கொண்டே வரும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிறம். பாதுகாப்பு என்றால் சிவப்பு, நாட்டின் நடுப்பகுதிக்குப் போனால் பச்சை, பழைய ஊரில் நெரிசல் என்றால் மஞ்சள், புயல் வெள்ளம் என்றால் நீலம், இவை எதிலும் அடங்காததற்கு 'அரசியல்' என்று ஒரு சாம்பல் நிறம். அரசியல் கலக்காத தலைநகர் மாற்றம் என்று ஒன்று உண்டா என்ன? என் பிரச்சினையே அந்தச் சாம்பல் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் படிக்கும்போது தெரியாத ஒன்று இதில் பளிச்சென்று தெரிகிறது: தூரம். ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 710ல் நாரா, 784ல் நகாவோகா, 794ல் ஹெயன், அதாவது இன்றைய கியோட்டோ. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று புள்ளிகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. எதிரிக்குப் பயந்து இவ்வளவு கொஞ்சதூரம் யாரும் போக மாட்டார்கள், நாட்டின் நடுவைத் தேடியும் போக மாட்டார்கள். அப்படியானால் பேரரசர் கன்மு ஏன் கிளம்பினார்? நாராவின் பெரிய பௌத்த மடங்கள் அரசியலில் அவ்வளவு தூரம் கை நீட்டியிருந்தன, அந்த மடங்களை அவர் புது ஊருக்குக் கூட்டிப் போகவில்லை. சரி, நகாவோகாவை ஏன் 10 வருடத்தில் விட்டார் என்றால் அது இன்னொரு கதை. கட்டுமானப் பொறுப்பில் இருந்த புஜிவாரா தனெத்சுகு 785ல் கொலையாகிறார், பழி பேரரசரின் சொந்தத் தம்பி சவாரா மேல் விழுகிறது, நாடு கடத்தப்படும் வழியிலேயே அவர் இறக்கிறார், அப்புறம் அரச குடும்பத்தில் அடுத்தடுத்து நோயும் சாவும், போதாக்குறைக்கு வெள்ளம், எல்லாம் தம்பியின் ஆவி என்று அரண்மனையே நடுங்குகிறது. ஆப்பில் இதெல்லாம், புள்ளியைத் தொட்டால் திறக்கும் குறிப்பு அட்டையில் ஓரளவு இருக்கிறது. நிறம் மட்டும் சாம்பல். ஆவிக்குப் பயந்து ஊரை விட்டதற்கும் மடங்களுக்குப் பயந்து ஊரை விட்டதற்கும் ஒரே சாம்பல்.

இதைவிடப் பெரிய குறை, ஆப் 'ஏன் நகர்ந்தது' என்று மட்டும் கேட்கிறது, 'ஏன் அப்போது நகர்ந்தது' என்று கேட்பதே இல்லை. இரண்டும் ஒன்றில்லை. காரணம் என்பது பல பத்தாண்டுகள் கோப்பில் தூங்கும். அதைத் தட்டி எழுப்புவது வேறொன்று.

பிரேசிலின் தலைநகர் பிரேசிலியா பச்சைப் புள்ளி. தவறில்லை, கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வர வேண்டும் என்பது பழைய ஆசை. 1891 அரசியல் சட்டத்திலேயே நடுப் பீடபூமியில் 14,400 சதுர கிலோமீட்டர் ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கிவிட்டு அறுபது வருடத்துக்கு மேல் சும்மா இருந்தார்கள். அப்புறம் குபிச்செக் அதிபராக வருகிறார், 5 ஆண்டில் 50 ஆண்டு முன்னேற்றம் என்ற கோஷத்தோடு. அடுத்தடுத்து இரண்டு முறை பதவியில் இருக்க அங்கே சட்டம் இடம் தரவில்லை. தான் இறங்கிய பிறகு வருகிறவர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டால்? அதனால் லூசியோ கோஸ்தா திட்டம் போட, ஆஸ்கர் நீமயர் கட்டடங்களை வரைய, இரவு பகலாகக் கட்டி 1960 ஏப்ரல் 21ல் திறந்தே விட்டார்கள். நாட்டுக்குக் கடனும் விலைவாசியும் ஏறியது தனிக் கணக்கு. பச்சை நிறம் 1891ஐ விளக்குகிறது, 1960ஐ விளக்கவில்லை.

நைஜீரியாவும் அப்படித்தான். பழைய தலைநகர் லாகோஸ் யொருபா மக்களின் பகுதியில் இருக்கிறது, நெரிசல் வேறு, ஹவுசா, இக்போ, யொருபா என்று எந்தப் பெரிய இனத்துக்கும் சொந்தமில்லாத நடுப்பகுதியில் ஒரு ஊர் வேண்டும் என்று 1976ல் அபுஜாவை முடிவு செய்கிறார்கள். நல்ல காரணம், நானே ஓட்டுப் போடுவேன். ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போனது. 1990 ஏப்ரலில் ராணுவத்துக்குள் ஒரு கும்பல் லாகோஸில் ஆட்சியாளர் பாபங்கிடா இருந்த டோடன் பாரக்ஸையே தாக்கியது, அவர் மயிரிழையில் தப்பினார். 1991 டிசம்பர் 12ல் தலைநகர் அபுஜாவில். ஆப்பில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி, 1990 பற்றி ஒரு வரி கிடையாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஆப்பிலேயே இருக்கிறது, அவர்கள் கவனிக்கவில்லை. தான்சானியா. டொடோமாவுக்குப் போகிறோம் என்று அதிபர் நைரேரே காலத்தில் 1973ல் முடிவாயிற்று. நாட்டின் நடு, நியாயமான காரணம், பழைய தலைநகர் தாருஸ்ஸலாமில் யாரும் அரசின் கழுத்தைப் பிடிக்கவும் இல்லை. விளைவு, நாடாளுமன்றம் போய்ச் சேர்ந்தது 1996ல், அமைச்சகங்கள் மூட்டை கட்டியது 2016க்குப் பிறகு அதிபர் மகுஃபுலி விரட்டிய விரட்டில். பயம் இல்லாத இடத்தில் நல்ல காரணம் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று பாருங்கள். அதே பச்சை நிறம்தான் மியான்மருக்கும். யாங்கோன் நெரிசல், நேபிடோதான் நாட்டின் நடு என்று ராணுவ அரசு சொன்ன காரணத்தை அப்படியே அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். 2005 நவம்பரில் திடீரென்று ஊழியர்களை லாரிகளில் ஏற்றி அனுப்பிய அவசரம் நெரிசலுக்கான அவசரமா? 2007ல் ராணுவ அரசை எதிர்த்துப் பிக்குகள் யாங்கோன் தெருக்களில் இறங்கியபோது அமைச்சகங்கள் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன.

ஒரு விஷயத்தில் ஆப்பை மனதாரப் பாராட்டுவேன். திரும்பி வந்த தலைநகரங்களை மறைக்காமல் காட்டுகிறார்கள். பழைய எகிப்தின் அமர்னா அப்படித்தான், அரசர் அக்கெனதென் தீப்ஸ் நகரில் அமுன் கடவுளின் பூசாரிகளை விட்டு விலகிப் பாலைவன ஓரத்தில் கட்டிய ஊர், அவர் செத்த சில வருடங்களில் புள்ளி அணைந்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது இராக்கின் சாமர்ரா. 836ல் கலீஃபா முஃதசிம் பாக்தாத்தை விட்டு அங்கே போகிறார். காரணம், அவர் சேர்த்த துருக்கியப் படைவீரர்களுக்கும் பாக்தாத் மக்களுக்கும் தினம் அடிதடி. படையோடு தனி ஊருக்குப் போய்விட்டால் நிம்மதி என்று கணக்குப் போட்டார். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும், ஆபத்தைப் பெட்டியில் வைத்துக் கூடவே எடுத்துப் போயிருக்கிறார். நகர மக்கள் என்ற எதிர் எடை இல்லாத இடத்தில் அந்தப் படைத் தளபதிகளைக் கேட்க ஆளில்லை. 861ல் அவருடைய மகன் முதவக்கிலைக் காவல் படையே வெட்டிப் போட்டது, அடுத்த பத்து வருடம் கலீஃபாக்களை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் இஷ்டம். 892ல் பாக்தாத்துக்கே திரும்பினார்கள். மக்களை விட்டு விலகிய அரசு யாரிடம் மாட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை என் கண்ணில் படவில்லை. ஆப்பில் சிவப்பு, 'பாதுகாப்பு'. யாருக்கு, யாரிடமிருந்து என்று ஒரு வார்த்தை சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அமெரிக்க அட்டை இந்த வகையில் நன்றாக வந்திருக்கிறது, வேறு ஆள் எழுதியது போல. 1783ல் சம்பளப் பாக்கி கேட்டுச் சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தைச் சூழ்கிறார்கள், பென்சில்வேனியா மாநில நிர்வாகம் தன் படையைக் கூப்பிட மறுக்கிறது, உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்கு நழுவுகிறார்கள். இனி எந்த மாநிலத்தின் தயவிலும் இருக்கக் கூடாது என்ற எண்ணம்தான் தனி மாவட்டம் என்ற ஏற்பாட்டுக்கு வலு சேர்த்தது, 1790ல் சட்டம், 1800ல் வாஷிங்டன் என்று ஒழுங்காகக் கோத்திருக்கிறார்கள். மாநிலத் தலைநகரங்கள் மக்கள் வாழும் இடங்களை விட்டு ஒதுங்கியிருந்தால் ஊழல் கூடுதலாக இருக்கிறது என்று காம்பாந்தே, டோ என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவை வைத்தே 2014ல் காட்டினார்கள். அதையும் இங்கே சேர்த்திருக்கலாம்.

இந்தியப் பகுதி சுமார். கல்கத்தாவிலிருந்து டெல்லி, 1911 டிசம்பர் 12 டெல்லி தர்பாரில் அறிவிப்பு, சரி. அதே தர்பாரில் வங்கப் பிரிவினையையும் ரத்து செய்தார்கள் என்பதை விட்டுவிட்டார்கள், அது இல்லாமல் அந்த நகர்வு புரியாது. துக்ளக்கின் பெயரே நம்மிடம் வசவாகிவிட்டது, ஆப்பும் 1327க்கு அதே பழைய கதையை, டெல்லியில் பூனை நாய்கூட மிஞ்சவில்லை என்பது போலச் சொல்கிறது. தௌலதாபாத்துக்கு முக்கியமாகப் போனது அதிகாரிகளும் மேட்டுக்குடியும் சூஃபிகளும்தான், டெல்லி இயங்கிக்கொண்டுதான் இருந்தது என்பது இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. தஞ்சையிலிருந்து ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனது படத்திலேயே இல்லை. சுமார் 250 வருடம் சோழர் தலைநகராக இருந்த ஊர் ஐயா அது.

நீலப் புள்ளிகள் குறைவு, ஆனால் நேர்மையானவை. 1961 ஹட்டி புயலுக்குப் பிறகு பெலிஸ் 1970ல் பெல்மோபான் போனதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. இந்தோனேசியாவின் புதுத் தலைநகராகக் கட்டப்படும் நுசந்தாராவில்தான் அவசரப்பட்டுவிட்டார்கள். ஜகார்த்தா மூழ்குகிறது, 2022ல் சட்டம் வந்தது, 2024 ஆகஸ்ட் 17 சுதந்திர தின விழா புது ஊரில் நடந்தது, எல்லாம் உண்மை. அந்தஸ்தை மாற்ற அதிபரின் ஆணை வர வேண்டும், அது வருவதற்குள் ஆப்பில் புள்ளி தாவிவிட்டது. ஊர் மூழ்கினால் அரசு போய்விடுகிறது, கோடிக்கணக்கான மக்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள் என்பதையும் அட்டையில் ஒரு வரி எழுதலாம்.

அப்புறம் இரட்டைத் தலைநகரங்கள். பொலிவியாவில் சட்டப்படி சுக்ரே, அரசு நடப்பது லா பாஸில். கோத் திவ்வாரில் (ஐவரி கோஸ்ட்) 1983 முதல் யமுசுக்ரோ, தூதரகங்கள் அபிஜானில். ஜெர்மனி 1991ல் 338க்கு 320 என்ற வாக்கில் பெர்லினைத் தேர்ந்தெடுத்தது, சில அமைச்சகங்கள் இன்றும் பழைய ஊரான பான் நகரில். ஒரு நாட்டுக்கு ஒரு புள்ளி என்று கட்டிவைத்த ஆப் இங்கெல்லாம் தடுமாறுகிறது, லா பாஸைத் தொட்டால் சுக்ரே அட்டை திறக்கிறது.

தொழில்நுட்பக் குறைகள் சில. காலக்கோட்டை வேகமாகத் தள்ளினால் போன் சூடாகித் திக்குகிறது, டேப்லெட்டில் பரவாயில்லை. கி.மு. பகுதியில் வருடங்கள் உத்தேசம் என்று எங்கும் குறிப்பில்லை. எந்த அட்டைக்கும் ஆதாரம் கொடுக்கவில்லை, பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் போடுவதற்கு முன் யோசிக்க இது போதும்.

5க்கு 3 தருகிறேன். படத்துக்காக இறக்கிப் பாருங்கள், குழந்தைகளுக்கு நிச்சயம் பிடிக்கும். அட்டையில் இருக்கும் காரணத்தைப் படித்ததும் அந்த வருடத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வருடங்களில் பழைய தலைநகரில் என்ன நடந்தது என்று தனியாகத் தேடிப் பாருங்கள். உருவாக்குபவர்களுக்கு நான் அனுப்பிய கோரிக்கையும் அதுதான்: நிறத்தை எடுத்துவிட்டு, முடிவெடுத்த வருடம், உண்மையில் நகர்ந்த வருடம், இரண்டையும் பக்கத்தில் போடுங்கள்.