‘ஃபுல் அலுமினியம்’ கேசிங் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் நல்ல கொம்பியூட்டர் ஒன்று கட்ட யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேசிங் என்றால் கொம்பியூட்டரின் பாகங்களைப் பூட்டும் வெளிப்பெட்டி. அலுமினியக் கேசிங் என்று சொல்லி, அலுமினியத்தின் விலையை வாங்கிக்கொண்டு, எனக்கு இரும்புக் கேசிங்கைத் தலையில் கட்டிவிட்டார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் அவர்கள் செய்த விதம் எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

நான் இருப்பது கல்லடியில், கடலுக்குக் கிட்ட. தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். எங்கள் பக்கத்து உப்புக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. யன்னல் கம்பி, கேற் பிணைச்சல், சைக்கிள் செயின் என்று எதையும் விட்டுவைக்காது. என் பழைய கேசிங்கில் கார்ட் பூட்டும் இடத்துத் தகடுகள் முதலில் வெள்ளைத் தூள் பூத்தன, பிறகு மண்ணிறமாகின. கடைசியில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றப் போனால் அதன் தலை மட்டும் கையோடு வந்தது. அதனால்தான் இந்த முறை முழு அலுமினியம் என்று முடிவெடுத்தேன். கேசிங் என்பது நாலைந்து மதர்போர்ட் (மற்றப் பாகங்கள் பூட்டும் பிரதான பலகை) மாறினாலும் நிற்கக்கூடிய சாமான். ஒருமுறை நல்லதாகப் போட்டுவிட வேண்டும் என்பது என் கொள்கை, இப்போதும் அதில் மாற்றமில்லை.

சாதாரணக் கேசிங்குகள் நாகம் (சிங்க்) பூசிய இரும்புத் தகட்டில் வருபவை. விபரப் பட்டியலில் எஸ்இசிசி, எஸ்ஜிசிசி என்று போட்டிருந்தால் அது இந்தத் தகடுதான். மேலே பெயின்ட் இருக்கும் வரை பயமில்லை. தகட்டை வெட்டிய விளிம்பிலும் துளை போட்ட இடத்திலும் நாகப் பூச்சு இருக்காது, கறள் அங்கேதான் தொடங்கும். அலுமினியம் காற்றுப் பட்டதும் தன்மேலேயே ஒரு மெல்லிய ஒக்சைட் படையை உண்டாக்கிக்கொள்ளும். அனோடைஸ் பண்ணுவது என்பது அந்தப் படையை மின்சாரம் கொண்டு தடிப்பாக்குவது. அதற்காக அலுமினியத்துக்கு ஒன்றுமே நடக்காது என்று இல்லை. இரும்பு ஸ்க்ரூ தொடுகிற இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியமும் வெள்ளையாக அரிக்கும். ஆனாலும் கடற்கரை வீட்டுக்கு இரும்பைவிட அது எவ்வளவோ மேல்.

கடைக்காரர் முதல் நாளே ஒரு கதை சொன்னார்: “தம்பி, அலுமினியம் சூட்டை அப்படியே இழுத்து வெளியே விடும். ஃபேன்கூட ரெண்டு போதும்.” இதை நம்பாதீர்கள். அலுமினியம் இரும்பைவிட நாலு மடங்கு அளவில் நன்றாகச் சூட்டைக் கடத்தும், அது உண்மை. ஆனால் சூடாகிற புரொசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் கேசிங் சுவரைத் தொடுவதில்லையே. சூடு வெளியே போவது காற்றோட்டத்தால். ஸ்ட்ரீகொம் என்ற கம்பனி செய்வது மாதிரி ஃபேன் இல்லாத கேசிங்குகளில் மட்டும், புரொசஸரிலிருந்து செப்புக் குழாய்களை நேரே அலுமினியச் சுவருக்கு இழுத்திருப்பார்கள். அங்கே சுவரே ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கிக் காற்றில் விடும் பாகம். மற்றபடி முன்னால் காற்று வர வழி இல்லாத கேசிங் எந்த உலோகத்தில் இருந்தாலும் அடுப்புதான்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். கடையில் சாமான் கையில் இல்லை. போனில் படம் காட்டினார்கள். “உள்ளே வெளியே எல்லாம் அலுமினியமா அண்ணன்?” என்று கேட்டேன். “ஓம் தம்பி, ஃபுல் அலுமினியம்” என்றார். வாட்ஸப்பிலும் அதையே குரல் பதிவாக அனுப்பினார். விலை சாதாரணக் கேசிங்கைப் போல நாலு மடங்கு. பாதிக் காசு அட்வான்ஸ், மிச்சம் சாமான் வந்த பிறகு என்று பேச்சு.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்தது. கடைக்குப் போய், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மிச்சக் காசைத் தருகிறேன் என்றேன். முடியாது என்றார்கள். “சீலை உடைத்தால் கொழும்புக்காரன் திருப்பி எடுக்க மாட்டான் தம்பி. முதலில் பில்லை முடியுங்கள், பிறகு உங்கள் சாமான், நீங்கள் என்னவும் செய்யுங்கள்.” அட்வான்ஸை விட்டுவிட்டு வரவும் முடியாது, திறந்து பார்க்கவும் விடமாட்டார்கள். ஆளை மடக்குவது இந்த இடத்தில்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பில்லில் எழுதியிருந்தது ‘கேசிங் – 1’, அவ்வளவுதான். மொடல் இல்லை, உலோகம் இல்லை.

வீட்டில் திறந்தேன். முன்பக்கம் பார்க்க நல்ல வடிவு: நீளவாக்கில் மெல்லிய கோடு இழுத்த சாம்பல் நிறம், தொட்டால் குளிர்ச்சி. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்தம் மேசையில் கிடந்தது. இரும்பில்தான் காந்தம் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. அதை முன்பக்கத்தில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. மதர்போர்ட் பூட்டும் தட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனேன், கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் ஒட்டியது. பின் சுவர், மேல், கீழ், வலப்பக்கக் கதவு, எல்லா இடமும் ஒட்டியது. பிறகு முன்பக்கத்தைக் கழற்றிப் பின்னால் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் பசை போட்டு ஒட்டிய மெல்லிய அலுமினியத் தகடு. மூலையில் நகத்தை விட்டதும் தகடு கிளம்பியது. முழுக் கேசிங்கிலும் அலுமினியம் என்று இருந்தது அந்த ஒரு தகடுதான்.

ஒரு ஸ்க்ரூகூடப் பூட்டாமல் அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். “முன்பக்கம் அலுமினியம்தானே தம்பி, பொய் சொல்லவில்லையே. உள்ளே எல்லாக் கம்பனியும் இரும்புதான் போடும்” என்றார். இது சுத்தப் பொய். தாய்வானின் லியன் லி 1983 இல் தொடங்கிய கம்பனி. அது பெயர் எடுத்ததே உள்ளும் புறமும் அலுமினியமான கேசிங்குகளால். என்கேஸ் எம்1 என்ற சின்னக் கேசிங்கும் அலுமினியத்தில் லியன் லி செய்து கொடுத்ததுதான். ஒன்று மட்டும் உண்மை: இன்றைக்கு அதே கம்பனியின் பிரபலமான ஓ11 டைனமிக் வகைகளில் இரும்பும் கண்ணாடியும் அலுமினியமும் கலந்துதான் வருகின்றன. அதில் குற்றம் இல்லை, கம்பனி அதை மறைப்பதும் இல்லை. அதனால் பிராண்ட் பெயரைக் கேட்டு மட்டும் முடிவெடுக்க முடியாது. மொடலைக் கேட்க வேண்டும், கம்பனியின் சொந்தத் தளத்தில் அந்த மொடலின் விபரத்தில் ‘மெட்டீரியல்’ என்ற வரியைப் பார்க்க வேண்டும். ‘அலுமினியம் முன் பேனல்’ என்று இருந்தால் முன் பேனல் மட்டும்தான் அலுமினியம்.

குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். பிறகு, “பெட்டி திறந்துவிட்டது, இனி இது யூஸ்ட் சாமான், வேண்டுமென்றால் பாதி விலைக்கு எடுக்கிறேன்” என்றார். எனக்கு வந்த கோபம் காசுக்காக மட்டும் இல்லை. அங்கே நின்ற ஒரு பொடியன், கம்பஸில் படிக்கிற பிள்ளை போல இருந்தான், அவனும் அட்வான்ஸ் கட்டத்தான் வந்திருந்தான். வெளியே கூட்டிக்கொண்டு வந்து காந்தத்தை ஒட்டிக் காட்டினேன். அவன் கட்டாமல் போய்விட்டான்.

நீங்கள் வாங்கும்போது காந்தத்தைக் கொண்டுபோங்கள். முன்பக்கத்திலும் கண்ணாடி ஓரத்திலும் வைத்துப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, ஏமாற்றுகிறவன் அங்கே அலுமினியம் போட்டிருப்பான். மதர்போர்ட் தட்டிலும் பின் சுவரிலும் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூவிலும் ஹார்ட் டிஸ்க் கூட்டிலும் ஒட்டினால் பயப்பட வேண்டாம், நல்ல கேசிங்கிலும் அவை இரும்பாக இருக்கலாம். தூக்கிப் பார்த்து முடிவெடுப்பது அவ்வளவு நம்பிக்கையில்லை. ஒரே அளவுத் துண்டென்றால் இரும்பு அலுமினியத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடை, கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராமும் 2.7 கிராமும். ஆனால் அலுமினியத்தைத் தடிப்பாகப் போடுவார்கள், கண்ணாடிக் கதவும் பாரம் கூட்டும். அப்புறம், ஸ்க்ரூ துளைகளின் புரியைப் பாருங்கள். அலுமினியத்தில் புரி சீக்கிரம் தேயும், முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையாலே திருக வேண்டும்.

அட்வான்ஸ் கட்டும்போதே மொடல் பெயர், ‘உட்சட்டமும் அலுமினியம்’, ‘திறந்து பார்த்த பிறகு மிச்சக் காசு’ என்ற மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்கத் தேவையில்லை. கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் கொழும்புக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி கொம்பியூட்டர்க் கடைகள் உள்ள பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நேரே திறந்து பார்த்து எடுப்பிப்பது மேல்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி எண் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். போனில் சொன்னதோடு இருந்துவிடாதீர்கள். நான் பில்லின் பிரதி, குரல் பதிவு, காந்தம் ஒட்டி நிற்கிற படங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். கேசிங்கைப் பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறேன், விசாரணைக்குக் கூப்பிட்டால் கொண்டுபோக.

இதே மாதிரி கோடு இழுத்த சாம்பல் முன்பக்கக் கேசிங்கை யாராவது வாங்கியிருந்தால் இன்றைக்கே ஒரு காந்தத்தை உள்ளே வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்காமல் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். முறைப்பாட்டுக் கடிதத்தின் மாதிரியை அனுப்புகிறேன்.