மருந்து கேட்குமா? மரபணுப் பட்டியலும் இயந்திரக் கற்றலும்

மருத்துவமனைத் தொற்றுகளை உண்டாக்கும் கிளெப்சியெல்லா கிருமியின் மரபணு வரிசையைப் படித்து, எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சொல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கார்டு, ரெஸ்ஃபைண்டர் போன்ற பட்டியல்களில் உள்ள எதிர்ப்பு மரபணுக்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடுவது. மற்றது, ஏராளமான வரிசைகளையும் அவற்றின் பரிசோதனை முடிவுகளையும் கொடுத்துப் பழக்கிய இயந்திரக் கற்றல் மாதிரியிடம் கேட்பது. எங்கள் ஆய்வகத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பட்டியலையே வைத்துக்கொண்டோம்.

ஒரு கிருமியைச் சோதிக்க ஆகும் நேரம், செலவு இரண்டிலும் பெரிய வேறுபாடில்லை. துல்லியத்தில் மாதிரியைக் குறைசொல்ல முடியாது. ஹூஸ்டன் நகரக் கிருமிகள் 1,668ஐ வைத்து 2018இல் வெளியான மாதிரி, கிருமியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்தளவையே ஒரு படி (இரு மடங்கு அல்லது பாதி) முன்பின்னாக 92 சதவீதம் சரியாகக் கணித்தது. பட்டியலால் அது ஆகாது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. 2019இல் அமெரிக்கத் தர அமைப்பான சிஎல்எஸ்ஐ, கிளெப்சியெல்லா உள்ளிட்ட கிருமிகளுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து ‘கேட்கும்’ என்பதற்கான உச்சவரம்பை மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து 0.25ஆகக் குறைத்தது. ‘கேட்கும், கேட்காது’ என்ற பழைய முத்திரைகளால் பழகிய மாதிரி பழைய வரம்பின்படியே பதில் சொல்லும். அதைத் திருத்த, ஒவ்வொரு கிருமிக்கும் அளந்த மூல அளவைத் தேடியெடுத்து மறுபடி பழக்க வேண்டும். மூல அளவைக் குறித்துவைக்காத தரவுகள் இதற்கு உதவாது. பட்டியலிலோ மரபணு அப்படியே இருக்கும், அதற்கான விளக்கத்தை மாற்றினால் போதும்.

ஊர் மாறினாலும் இதே தொல்லைதான். அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலான கேபிசி என்ற எதிர்ப்பு மரபணு இந்தியாவில் அரிது. இங்கே என்டிஎம்மும் ஆக்சா-232உம்தான் மிகுதி. அங்கே பழகிய மாதிரியை இங்கே நம்ப, நம் கிருமிகளைப் பரிசோதித்துச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும். பட்டியலுக்குப் புதிய பதிப்பை இறக்கி, முடிவு தெரிந்த சில கிருமிகளில் சரிபார்த்தால் வேலை முடிந்தது.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். மாதிரி ‘மெரோபெனெம் என்ற மருந்து கேட்காது’ என்று மட்டும் சொன்னால் மருத்துவர் அடுத்து என்ன செய்வார்? பட்டியல் மரபணுவின் பெயரையே சொல்லும்: அறிக்கையில் ஆக்சா-232 மட்டும் இருந்தால் செஃப்டசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்தை யோசிக்கலாம். என்டிஎம் இருந்தால் அதை மட்டும் கொடுத்துப் பயனில்லை, அஸ்ட்ரியோனம் என்ற மருந்தையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமிக்கு இதே பரிந்துரையை நான் தரமாட்டேன். அங்கே மருந்தை வெளித்தள்ளும் பம்புகள் கூடுதலாக இயங்குவதும், மருந்து நுழையும் துளைகள் அடைபடுவதும் எதிர்ப்புக்குப் பெரிய காரணம். மரபணு இருக்கிறதா என்று தேடும் பட்டியல் இவற்றில் தடுமாறும். மாதிரி அங்கே முந்தக்கூடும். நாங்கள் பார்த்தவை கொஞ்சமே என்பதால், அந்தக் கிருமிக்கு மட்டும் தட்டில் வளர்த்து மருந்தைச் சோதித்த முடிவு வந்த பிறகே அறிக்கை தருகிறோம்.